பத்து விரலும் நீலம்

"உன் கையக் காட்டி என்ன பிரயோஜனம்? அதுல மை இருக்கா இல்லையான்னு உன்னப் பெத்தவ வந்து பார்த்தாலும் சொல்ல முடியாது!"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும் அண்ணி, விரல வெட்டி உங்ககிட்ட குடுத்துட்டுப் போகட்டுமா?"

"வெட்ட வேணாம். நாளைக்குக் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் என் வீட்டுல வந்து உட்காரு. என் கண்ணு முன்னால இரு. அது போதும்."

"ஓட்டல் யூனிஃபார்ம் மொத்தமும் தொட்டியில ஊறிக்கிட்டிருக்கு. நான் உங்க சோபால உட்கார்ந்துட்டா அத யாரு புரட்டுவா? நீங்க வர்றீங்களா?"

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல."

படிக்கட்டில் நின்று பேசினால் மூன்று மாடிக்கும் கேட்கும். தெரிந்துதான் சாயக்காரியின் நாத்தனார் அங்கே நின்று பேசினாள். அடுத்தவர் விஷயத்தில் தலையிட விரும்பாத நல்லவர்கள் எல்லாரும் கதவை ஒரு சாண் திறந்துவைத்துவிட்டு உள்ளே தலையிடாமல் நின்றிருந்தார்கள்.

சண்டை என்னவோ விரலைப் பற்றித்தான். சாயக்காரியின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. கடைத்தெரு லாண்டரியின் பின்கட்டில் வெளுத்துப்போன துணிகளுக்குச் சாயம் ஏற்றுவது அவள் வேலை. அந்த ஓட்டல்காரர் ஒருவர் போதும், அவருடைய சர்வர்களின் கோட்டு மாசத்துக்கு ஒரு தரம் சாம்பல் நிறமாகித் திரும்பி வரும். கையுறை போட்டால் துணியின் சூடு தெரியாது என்று வெறுங்கையால் பிழிந்து பிழிந்து, நகம், நகக்கண், விரல் இடுக்கு எல்லாம் கருநீலம். கல்யாணம் ஆன புதிதில் எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தாள். பிறகு எலுமிச்சம்பழத்துக்கு வேறு வேலை இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

தெரு எடுத்திருந்த முடிவோ, நாளைய கவுன்சில் தேர்தலில் இந்தத் தெருவில் ஒரு விரலிலும் மை இருக்கக் கூடாது என்பது. முடிவெடுத்தவள் நாத்தனார். மற்றவர்கள் தலையாட்டினார்கள், அவள் முன்னால் தலையாட்டாமல் இருக்க அந்தத் தெருவில் யாருக்கும் கழுத்து அவ்வளவு உறுதியாக இல்லை. மறுநாள் சாயங்காலம் வாசலில் எல்லாரும் கையை நீட்டிக் காட்ட வேண்டும் என்றும் ஏற்பாடு. மற்றவர்கள் கை பேசிவிடும். இவள் கை பேசாது.

கோபத்துக்குக் காரணம் சாக்கடை. அடைப்பு எங்கே இருக்கிறது என்று கவுன்சில் ஆட்களுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும், சாக்கடைக்கும் தெரியும். மழை அரைமணி நேரம் வலுத்தால் போதும், தண்ணீர் போகிற பாதையை விட்டுவிட்டுத் திரும்பி வரும். வந்து முதலில் நுழைவது சாயக்காரியின் வீடு. கட்டடத்தில் கீழ்த்தளத்தில் குடியிருப்பது அவள் ஒருத்திதான்.

கவுன்சிலரிடம் முறையிடாத ஆள் இல்லை. அவர் எதைக் கேட்டாலும், "ஆகட்டும்" என்பார். தண்ணி இறைக்க மோட்டார் வேணும் என்றால் ஆகட்டும். குழாய் மாத்தணும் என்றால் ஆகட்டும். ஒரு தரம் நாத்தனார் பொறுக்கமாட்டாமல், "நீங்க நாசமாப் போக" என்றபோதும் பழக்கதோஷத்தில் ஆகட்டும் என்றாராம். அன்றிலிருந்து அவருக்குப் பெயரே ஆகட்டும்.

சாயக்காரிக்கு மட்டும் இது மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற சங்கதி இல்லை. அவள் புருஷன் கிடங்கில் மூட்டை தூக்கியவர். அடுக்கு சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறவர் இருக்கிற அறையில் சாக்கடை ஏறினால் என்ன ஆகும்? கட்டிலுக்கடியில் செங்கல் வைத்தாள். அடுத்த மழைக்கு இன்னொரு வரிசை. அதற்கடுத்த மழைக்கு இன்னொன்று. இப்போது அவரைப் புரட்டிவிட்டுத் துடைக்க அவள் ஸ்டூலில் ஏற வேண்டியிருக்கிறது. இன்னும் ஒரு கல் வைத்தால் கை எட்டாது.

அதனால் மழை வலுத்தால் அவள் செய்வது ஒன்றே ஒன்று. படிக்கட்டுக் கம்பியில் சட்டுவத்தால் தட்டுவாள். மாடியிலிருந்து ஆண்கள் இறங்கி வருவார்கள். அவரை நாற்காலியில் கட்டி, முனகிக்கொண்டே மேலே தூக்கிப் போவார்கள். நாத்தனார் தன் தம்பிக்குக் கூடத்தில் மெத்தை போட்டு வைத்திருப்பாள். தண்ணீர் வடிகிறவரை அங்கேதான். அந்த ஏற்பாட்டில்தான் அவர் உயிரோடு இருக்கிறார்.

நாத்தனாருக்கும் அது தெரியும். அன்றைக்குப் படியேறிப் போகும்போது அவள் திரும்பி நின்று சொன்ன கடைசி வார்த்தை அதைப் பற்றித்தான்.

"நாளைக்கு நீ அந்தப் பக்கம் போனேன்னு என் காதுல விழுந்துச்சு, அடுத்த மழைக்கு என் கதவத் தட்டாத. உன்ன ஆகட்டும் வந்து தூக்கிட்டுப் போகட்டும்."

கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

உள்ளே புருஷன் முழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"எல்லாம் கேட்டுச்சு," என்றார். "அக்கா சொல்றதக் கேளு. போகாத."

"போகலன்னா ஆகட்டும்தான் ஜெயிப்பான்."

"போனா மட்டும்? நான் போடாத ஓட்டா? அவன் முதல்தடவை ஜெயிச்சப்ப இந்தத் தோள்லதான் தூக்கி வச்சுக்கிட்டுத் தெருவையே சுத்தி வந்தேன். 'அண்ணே, கனக்குதா'ன்னு கேட்டான். 'நீங்க பஞ்சு மாதிரிங்க'ன்னு சொன்னேன். கிறுக்கன்." சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. "பஞ்சு மாதிரிதான். தண்ணியில போட்டதும் கனத்துடுச்சு."

"மருந்துக்கடை அம்மா நிக்குதே."

"அது மட்டும் என்ன கிழிக்கப் போவுது?"

"தெரியல."

மருந்துக்கடை அம்மா ஓட்டுக் கேட்டு வந்த கதை அந்தக் கட்டடத்தில் பெரிய தமாஷ். மோட்டார் வைப்பீங்களா என்று கேட்டதற்கு, "என்னால முடியுமான்னு தெரியல, கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டாளாம். வேட்பாளர் பேசுகிற பேச்சா அது? நாத்தனார் அதையே நடித்துக் காட்டி மூன்று மாடியையும் சிரிக்க வைத்தாள். சாயக்காரியும் சிரித்தாள். ஆனால் செங்கலைப் பார்க்கிறபோதெல்லாம் அந்த 'தெரியல' நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒருத்தர் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

போனால் தூக்குகிற கைகள் போய்விடும். போகாவிட்டால் கடைசிவரை தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். என்றைக்காவது ஒருநாள் தட்டுகிற சத்தம் யாருக்கும் கேட்காது. இரண்டில் எதை நினைத்தாலும் அவளுக்குத் தண்ணீர்தான் தெரிந்தது.

மறுநாள் லாண்டரிக்குப் போனாள். லாண்டரிக்கு நேர் எதிரே பள்ளிக்கூடம், அதுதான் வாக்குச்சாவடி. தொட்டியில் கோட்டுகளைக் கட்டையால் புரட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வரிசை நீளமில்லை. தெரிந்த தலை ஒன்றும் இல்லை. ஒரு கோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. மறுபடி முக்கினாள். அன்றைக்கு அவள் புரட்டிய லட்சணம் அப்படி.

சாப்பாட்டு நேரம் வந்ததும் முதலாளி, "என்னம்மா, போடலையா?" என்றார்.

"போட்டு என்னங்க ஆகப்போவுது."

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

அந்த 'அதுவும் சரிதான்' அவளைச் சுட்டது. தான் சொன்னதையே அடுத்தவன் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில் வந்த எரிச்சல். கை கழுவினாள், கழுவி என்ன, சும்மா வாசல் வரை போய்ப் பார்க்கலாம் என்று ரோட்டைத் தாண்டினாள்.

பள்ளிக்கூட கேட்டில் அவளுக்கு எதிரே வந்தவர் நாத்தனார் புருஷன். பஸ் டிரைவர். டியூட்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவர் காக்கிச் சட்டையோடு, இடதுகை ஆள்காட்டி விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். முடிச்சைப் பல்லால் கடித்து இழுக்கிற நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்.

"கதவுல நசுங்கிடுச்சு," என்றார், கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டே.

"ஐயோ. வலிக்குதா அண்ணே?"

"பொண்ணுக்குக் கவுன்சில் ஆபீசுல வேலை போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கார்மா." குரல் தாழ்ந்தது. "ஆகட்டும்னுதான் சொன்னார். ஆனா இந்தத் தடவை தலைய ஆட்டிச் சொன்னார்."

"நான் உங்களப் பார்க்கல."

"நானும் உன்னப் பார்க்கல," என்று சொல்லிவிட்டு, பஸ் ஓட்டுகிற வேகத்தில் நடந்தே போனார்.

சும்மா பார்க்க வந்தவளை உள்ளே தள்ளியது அந்தக் கைக்குட்டைதான். தலையாட்டினதுக்கே ஒரு ஓட்டு என்றால், தலையாட்டாத அந்த மருந்துக்கடை அம்மாவுக்கு யார் போடுவார்?

வரிசை நகர்ந்தது. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அதிகாரி பேரைக் கேட்டார், அடையாள அட்டையைப் பார்த்தார், இடதுகையை நீட்டச் சொன்னார். நீட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நீங்க ஏற்கெனவே போட்டுட்டீங்க."

"இல்லைங்க. இது சாயம்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க."

"எல்லாரும் எதுக்குங்க சாயம்னு சொல்லப் போறாங்க?"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆகட்டும் கட்சி ஏஜென்ட் எழுந்துவிட்டான். "சார், ஆட்சேபணை! இவங்க தெருவுல யாரும் ஓட்டுப் போட மாட்டோம்னு பேசி வச்சிருக்காங்க. இது வேற ஏதோ கோல்மால். கள்ள ஓட்டு!"

கள்ள ஓட்டு என்ற வார்த்தை விழுந்ததும் வரிசை முழுக்கத் தலையை நீட்டியது. சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகலாம் என்று நினைத்தவள் அவள். ஆனால் இத்தனை நாள் அடைத்துக்கொண்டு கிடந்தது ஒரேயடியாகத் திறந்துகொண்டது. இரண்டு கையையும் மேஜைமேல் விரித்துவைத்தாள்.

"பாருங்க! பத்து விரலும் நீலம்! அப்ப பத்து ஓட்டா போட்டேன்? பத்து ஓட்டு இருந்தா நான் எதுக்குங்க சாக்கடைக்குள்ள குடியிருக்கிறேன்? இருக்கிறது ஒண்ணு. அதையும் நீங்க தர மாட்டீங்கன்னா எழுதிக் கொடுங்க, நான் போறேன்!"

யாரோ சிரித்தார்கள். யாரோ, "போட விடுங்கப்பா" என்றார்கள். அதிகாரி பதிவைப் பார்த்தார். அவள் பேருக்கு நேரே கையெழுத்து இல்லை. ஏஜென்ட்டை உட்காரச் சொன்னார். பிறகு மைப்புட்டியை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் வைத்தார். வைத்த இடம் அவருக்கே தெரியவில்லை.

மறைப்புக்குள் போய்ச் சீட்டை விரித்தாள். இவ்வளவு கத்தி வாங்கிய சீட்டு. அதில் ஆகட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடை அம்மா படத்தில்கூட நம்பிக்கையில்லாமல்தான் நின்றிருந்தாள். 'முடியுமான்னு தெரியல.' எனக்கும்தான் தெரியல என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு முத்திரையைக் குத்தினாள். மனசு நிறையும் என்று யாராவது சொல்லியிருந்தால் பொய். சாப்பிடாத வயிறு எரிந்தது. அவ்வளவுதான்.

அவள் வீடு வந்து சேர்வதற்கு முன்பே சேதி வந்து சேர்ந்திருந்தது. ஏஜென்ட்டின் மச்சினி இரண்டாவது மாடி. விரல் ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை, வாய்தான் காட்டிக்கொடுத்தது. சாயங்காலம் வாசலில் எல்லாரும் கையை நீட்டினார்கள். ஒரு விரல் கைக்குட்டைக்குள் இருந்தது, கதவில் நசுங்கியதற்கு நாத்தனாரே மருந்து போட வந்தாள், அவர் தொடவிடவில்லை. சாயக்காரியின் முறை வந்தபோது யாரும் அவள் கையைக் கேட்கவில்லை. நாத்தனார் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள்.

பஸ் டிரைவர் தரையைப் பார்த்தார். சாயக்காரி அவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அந்த வீட்டில் நடக்கப்போவதை நினைத்தா, அல்லது பார்க்கல என்று சொன்ன வார்த்தைக்காகவா, அவளுக்கே தெரியாது.

முடிவு வந்தது. ஆகட்டும்தான். மருந்துக்கடை அம்மா தோற்ற வித்தியாசம் ரொம்பச் சின்னது. இந்த ஒரு தெரு கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல் இருந்திருந்தால் அதைத் தாண்டியிருக்கலாம் என்று ஊரெல்லாம் பேச்சு. தெருவில் மட்டும் அந்தப் பேச்சு இல்லை. அங்கே, "அப்பவே சொன்னேன்ல, எவன் வந்தாலும் இப்படித்தான்" என்றார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் மழை.

மத்தியானம் பிடித்தது, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வீட்டுக்குள் வந்துவிட்டது. முதல் வரிசைச் செங்கல் மறைந்தது. சாயக்காரி சட்டுவத்தைக் கையில் எடுத்துவிட்டு நின்றாள்.

"தட்டாத," என்றார் புருஷன். "வர மாட்டாங்க. அசிங்கம்."

"மூழ்குறது மட்டும் கௌரவமா?"

தட்டினாள். மேலே ஒன்றும் அசையவில்லை. கதவுகளுக்குப் பின்னால் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. கம்பி அதிர அதிரத் தட்டினாள். இரண்டாவது வரிசை மறைந்தபோது தட்டுவதை விட்டுவிட்டுக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. மாடியில் இருந்தவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. "நான் செஞ்சதுக்கு என்னை அடிச்சுக் கொல்லுங்க, அவரை மட்டும் தூக்குங்க" என்று கத்தினாளாம்.

முதலில் இறங்கி வந்தவர் பஸ் டிரைவர். அவர் பின்னால் தயங்கித் தயங்கி இன்னும் மூன்று பேர். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியில் கட்டினார்கள், தூக்கினார்கள், முட்டிவரை சாக்கடையில் நின்று ஒருவரையொருவர் வைதார்கள். படிக்கட்டின் முதல் வளைவு மேடை வரை ஏறிவிட்டார்கள். அங்கே நாத்தனார் குறுக்கே நின்றாள்.

"தம்பிய உள்ள கொண்டாங்க. அவ வேணாம்."

"அக்கா," என்றார் அவர் நாற்காலியிலிருந்து. "அவ இல்லாம நான் வர மாட்டேன்."

"உன்ன சாகடிக்கத்தான்டா அவ போயி ஓட்டுப் போட்டா! சொந்த புத்தி இருக்கா அவளுக்கு? இந்தத் தெருவுல ஒரு விரல்ல மை இருக்கா? அவளுக்கு மட்டும் என்ன..."

அங்கேயே பேச்சு நின்றது. அவள் கண் தம்பியின் முதுகைத் தாங்கியிருந்த புருஷனின் கையில் நின்றுவிட்டது. கைக்குட்டை தண்ணீரோடு போய்விட்டிருந்தது. விரலில் வீக்கமும் இல்லை, காயமும் இல்லை. நகத்தின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு.

பஸ் டிரைவர், பாவம், அந்த நிலையிலும், "கதவு..." என்று ஆரம்பித்தார்.

அதற்குமேல் நடந்ததை மூன்று மாடியும் கேட்டது. நாற்காலியை அப்படியே மேடையில் இறக்கிவைத்தார்கள். நாத்தனார் புருஷனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு அறைந்து சாத்திக்கொண்டது. மற்ற மூன்று பேரும் குடும்பச் சண்டையில் நமக்கென்ன என்று நழுவி, தங்கள் கதவுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டார்கள். பொண்ணு வேலை, ஆகட்டும், துரோகம், உங்கம்மா, உங்கப்பன் என்று உள்ளே பாத்திரம் உருண்டது. வெளியே நாற்காலியில் கட்டப்பட்ட ஒரு மனுஷன் நனைந்த துணியோடு இருக்கிறான் என்பது அத்தனை பேருக்கும் மறந்துபோனது.

மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. சாயக்காரி தன் புடவைத் தலைப்பைப் பிழிந்து அவர் மேல் போர்த்தினாள். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. அவர் பல் கிட்டியது.

"உனக்குத் தெரியுமா, மாமா போட்டது?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே."

"என்ன முடிஞ்சிருக்கும்?"

அவர் யோசித்தார். "யாருக்குடி போட்ட?" என்றார்.

"தெரியலன்னு சொன்னாங்களே, அவங்களுக்கு."

"தோத்துட்டாங்களே."

"ஆமா."

கீழே தண்ணீர் மூன்றாவது வரிசையைத் தாண்டிக் கட்டில் பலகையைத் தொட்டது. திறந்து கிடந்த கதவு வழியாக இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவர் அழுதாரா, மழையா என்று அவள் கேட்கவில்லை. மாடிக் கதவு திறந்து நாத்தனார் கண் சிவந்து வெளியே வந்தபோது அவருக்குக் குளிர் உள்ளே இறங்கிவிட்டிருந்தது.

"உள்ள வா," என்றாள், யாரைப் பார்த்தும் இல்லாமல். "ரெண்டு பேரும்."

சளி மார்பில் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்தார், பாதி ஆளாக. ஆஸ்பத்திரியிலிருந்து சாயக்காரி அவரைத் தெருவுக்குத் திருப்பிக் கொண்டுவரவில்லை. லாண்டரி மாடியில் துணி மாட்டுகிற கம்பிகள் போட்டுவைத்த அறையை முதலாளியிடம் கேட்டு வாங்கினாள். ஏணி மாதிரி குறுகலான படி; ஒருமுறை தூக்கி ஏற்றியதோடு சரி, அவர் பிறகு கீழே இறங்கவே இல்லை. அங்கே தண்ணீர் வராது. மனுஷர்களும் அவ்வளவாக வருவதில்லை. நாத்தனார் மாத்திரம் வாரம் ஒருதரம் வந்து தம்பிக்குத் தலை சீவிவிட்டு, தம்பி பெண்டாட்டியோடு ஒரு வார்த்தை பேசாமல் திரும்புவாள்.

நாத்தனார் மகளுக்கு வேலை கிடைக்கவில்லை. அவள் மருந்துக்கடை அம்மாவின் தம்பி மகனைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். காதல் கல்யாணம்தான், தேர்தலுக்கு முன்பிருந்தே என்று இரண்டாவது மாடி சத்தியம் செய்கிறது. மருந்துக்கடை அம்மா கடையை விற்றுவிட்டு அவர்களோடு போய் இருக்கிறாள். ஆகட்டும் இன்னும் பெரிய வீடாகப் பார்த்து மேட்டுப் பக்கம் குடிபோய்விட்டார்.

கீழ்த்தளம் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்தது. போன கோடையில் புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி வாடகைக்கு வந்திருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடித்து, தரையோடு தரையாக ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். மழையைப் பற்றி இன்னும் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.